ஜான் மர்த்தாவைக் கோழை என்றவர்கள்: ஈராக் போர்க்காலச் சண்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈராக் போர் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஜான் மர்த்தா பெயரும் எங்காவது தலைகாட்டும். ஒரு பக்கம் அவரை மாவீரர் என்பார்கள், இன்னொரு பக்கம் ஊழல் பெருச்சாளி, துரோகி என்பார்கள். இரண்டு தரப்புமே பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. 2005 நவம்பரில் அவர் போரை எதிர்த்துப் பேசிய பிறகு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அதில் எது நியாயமான விமர்சனம், எது வெறும் சேற்றைவாரி இறைப்பது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மர்த்தா அப்பழுக்கற்றவர் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அவர் மேல் அந்த நாட்களில் வீசப்பட்ட எதுவும் அவர் எழுப்பிய கேள்விக்குப் பதிலாக இருக்கவில்லை என்பது என் கட்சி.

முதலில், இந்த மர்த்தா யார்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மேற்குப் பகுதியில் இருக்கும் ஜான்ஸ்டவுன்காரர். நிலக்கரியும் எஃகும் வாழவைத்து, பிறகு அவையே கைவிட்ட ஊர் அது. 1932-இல் பிறந்தவர். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952-இல் கல்லூரியை விட்டுவிட்டு மரைன் படையில் (கடல்வழித் தாக்குதலுக்கான தனிப் படை) சேர்ந்தார். பிறகு ரிசர்வ் படைக்கு (தேவைப்படும்போது அழைக்கப்படும் பகுதிநேரப் படை) மாறியவர், வியட்நாம் போர் வந்தபோது தானாகவே கேட்டு அங்கே போனார். 1966-67இல் தா நாங் வட்டாரத்தில் உளவுப் பிரிவு அதிகாரி. வெண்கல நட்சத்திரப் பதக்கம் ஒன்று, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் இரண்டு. 1974 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயித்து, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனார். வியட்நாமில் போரிட்டுவிட்டு வந்து அந்தச் சபைக்குத் தேர்வான முதல் ஆள் அவர்தான். 1990-இல் ரிசர்வ் படையிலிருந்து கர்னலாக ஓய்வு பெற்றார். 2010 பிப்ரவரியில் இறக்கும்வரை உறுப்பினராகவே இருந்தார்.

அவர் ஜனநாயகக் கட்சிதான், ஆனால் நாம் வழக்கமாகப் போர் எதிர்ப்பாளர் என்றதும் நினைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. துப்பாக்கி உரிமைக்கு ஆதரவு, கருக்கலைப்புக்கு எதிர்ப்பு, 1991 வளைகுடாப் போருக்கு ஆதரவு. ராணுவத்துக்குப் பணம் ஒதுக்கும் துணைக்குழுவில் தன் கட்சியின் முதல் ஆள். பென்டகன் (அமெரிக்க ராணுவத் தலைமையகம்) தளபதிகள் வெளியே சொல்ல முடியாததை இவர் காதில் போட்டுவிட்டுப் போவார்கள் என்று வாஷிங்டனில் ஒரு பேச்சு உண்டு. அதனால்தான் அவர் வாய் திறந்ததும் வெள்ளை மாளிகை அப்படிப் பதறியது.

2005 நவம்பர் 17 அன்று அவர் அப்படி என்ன சொன்னார்?

ஈராக்கில் அமெரிக்கப் படையால் ராணுவ ரீதியாகச் செய்யக்கூடியதெல்லாம் செய்தாகிவிட்டது, இனி அங்கே இருக்கும் படைதான் கிளர்ச்சிக்காரர்களை ஒன்றுசேர்க்கிறது, எனவே பாதுகாப்பாக எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் படைகளை அங்கிருந்து நகர்த்த வேண்டும் என்றார். அவசரம் என்றால் உடனே தலையிட அந்த வட்டாரத்திலேயே ஒரு அதிரடிப் படையையும் கடற்பரப்பில் மரைன்களையும் வைத்துக்கொள்ளலாம், மீதியை அரசியல் பேச்சுவார்த்தையால் செய்யலாம் என்பது அவர் திட்டம். மாயையில் சுற்றிக் கொடுக்கப்பட்ட ஓட்டைக் கொள்கை என்ற பொருளில் அவர் சொன்ன ஒரு வரி மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

வெறும் ஆவேசப் பேச்சு இல்லை அது. கையில் எண்கள் வைத்திருந்தார். அன்றைக்கு இறந்த அமெரிக்க வீரர்கள் 2,079 பேர். ஒரே ஆண்டில் தாக்குதல்கள் வாரத்துக்கு 150 என்பதிலிருந்து 700-க்கு மேல் போயிருந்தன. எண்ணெய் உற்பத்தி போருக்கு முந்தைய அளவை எட்டவில்லை. இடையில், வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் தான் பார்த்த காயம்பட்ட இளைஞர்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஏறக்குறைய வாரம் தவறாமல் அங்கே போய்க்கொண்டிருந்தவர் அவர்.

2002-இல் போருக்கு ஆதரவாக வாக்களித்தவரும் அவர்தானே? பல்டி அடித்தார் என்று சொல்வது தப்பா?

வாக்களித்தார், உண்மைதான். 2002 அக்டோபரில் போர் அனுமதித் தீர்மானம் சபையில் 296-133 என்று நிறைவேறியது, ஆம் என்ற 296-இல் அவரும் ஒருவர். ஆனால் 2005-இல் திடீரென்று ஞானோதயம் வந்தது என்று சொல்வதுதான் சரியில்லை. 2004 மே மாதமே, இப்போது போகிற வழியில் போனால் ஜெயிக்க முடியாது, ஒன்று படையைப் பெருமளவு கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெளியே வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கட்டாய ராணுவ சேவையைத் திரும்பக் கொண்டுவரும் மசோதா ஒன்று வாக்கெடுப்புக்கு வந்து 402-2 என்று தோற்றது. அந்த இரண்டில் ஒரு வாக்கு மர்த்தாவுடையது. ஆள் போதவில்லை என்று நினைத்தவர், அதைத் தீர்க்க எல்லோரும் பயப்படுகிற வழிக்கே கை தூக்கினார். ஆளும் தர மாட்டோம், வெளியேயும் வர மாட்டோம் என்று அரசு நின்றபோது மிச்சம் இருந்த வெளியேறும் முடிவுக்கே வந்தார், அவ்வளவுதான். போருக்கான காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்பதும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. தகவல் மாறியபின் கருத்தை மாற்றிக்கொள்வதைப் பல்டி என்று திட்டும் பழக்கம் எல்லா நாட்டு அரசியலிலும் இருக்கிறது, அமெரிக்காவில் கொஞ்சம் அதிகம்.

தாக்குதலை ஆரம்பித்தது யார்?

வெள்ளை மாளிகையே. அதிபர் புஷ் அப்போது ஆசியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அங்கிருந்தே அவருடைய செய்திச் செயலாளர் ஸ்காட் மெக்லெல்லன் ஓர் அறிக்கை விட்டார்: மர்த்தா மதிப்புக்குரிய முன்னாள் வீரர்தான், ஆனால் அவர் மைக்கேல் மூரின் கொள்கைகளையும் கட்சியின் தீவிர இடதுசாரிகளின் கொள்கைகளையும் ஆதரிப்பது புரியாத புதிராக இருக்கிறது என்று. மைக்கேல் மூர் என்பவர் புஷ்ஷைக் கடுமையாகச் சாடிய ஆவணப்பட இயக்குநர். முப்பதாண்டுகளாக ராணுவ பட்ஜெட்டைச் சுமந்த ஒருவரை அவருடன் ஒரே வண்டியில் ஏற்றியதைப் புஷ்ஷின் குடியரசுக் கட்சியில் இருந்தவர்களில் சிலருமே ரசிக்கவில்லை.

சபாநாயகர் டெனிஸ் ஹாஸ்டர்ட் இன்னும் ஒரு படி மேலே போய், மர்த்தாவும் ஜனநாயகக் கட்சித் தலைவர்களும் புறமுதுகிட்டு ஓடும் கொள்கையைக் கையில் எடுத்துவிட்டார்கள், பயங்கரவாதிகளிடம் சரணடையச் சொல்கிறார்கள் என்றார். இந்த 'புறமுதுகு' வசனம் அதற்குப் பிறகு ஒரு வருடம், தேர்தல்வரை ஓயவே இல்லை. 2006 ஜூனில் புஷ்ஷின் அரசியல் ஆலோசகர் கார்ல் ரோவ், (2004-இல் புஷ்ஷை எதிர்த்து நின்ற) கெர்ரி, மர்த்தா மாதிரி ஆட்கள் முதல் வேட்டுச் சத்தத்துக்கு உடன் இருப்பார்கள், கடைசிக் கடினமான சண்டைக்கு இருக்க மாட்டார்கள் என்று பேசினார். அதற்கு மர்த்தா தொலைக்காட்சியில் கொடுத்த பதில் காரமானது: ஏசி அறையில் பருத்த பின்புறத்தைச் சாய்த்துக்கொண்டு 'உறுதியாக நில்லுங்கள்' என்கிறார், அது ஒரு திட்டமா என்று கேட்டார். ரோவ் ராணுவத்தில் இருந்ததே இல்லை.

அவருடைய தீர்மானம் 403-3 என்று படுதோல்வி அடைந்ததாமே?

இது இன்றைக்கும் பரப்பப்படும் தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நவம்பர் 18 இரவு வாக்கெடுப்புக்கு வந்தது மர்த்தாவின் தீர்மானம் இல்லை. குடியரசுக் கட்சியின் ராணுவக் குழுத் தலைவர் டங்கன் ஹண்டர் கொண்டுவந்த வேறு ஒரு தீர்மானம். மர்த்தாவுடையதில் 'நடைமுறையில் சாத்தியமான முதல் நாளில்' நகர்த்துவது, அதிரடிப் படை, பேச்சுவார்த்தை எல்லாம் இருந்தன. ஹண்டருடையதில் ஒரே வாக்கியம்: ஈராக்கில் அமெரிக்கப் படை நிறுத்தம் உடனடியாக முடிவுக்கு வர வேண்டும் என்பது சபையின் கருத்து. கொண்டுவந்தவரே அதற்கு எதிராக வாக்களித்தார். நோக்கம் வெளிப்படை. ஆதரித்தால் ஓடுகாலி என்று தொகுதியில் விளம்பரம் போடலாம், எதிர்த்தால் மர்த்தாவை அவர் கட்சியே கைவிட்டது என்று சொல்லலாம். மர்த்தாவும் எதிர்த்துத்தான் வாக்களித்தார். ஆதரித்தவர்கள் மூன்றே பேர், ஆறு பேர் எந்தப் பக்கமும் சேராமல் வருகையை மட்டும் பதிவு செய்தார்கள்.

ஒருவர் சொன்னதைச் சிதைத்து, சிதைத்ததைத் தோற்கடித்து, அவரே தோற்றார் என்று எழுதுவது. அரசியல் உத்தி என்ற அளவில் கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.

அன்றைய விவாதத்தில் எதிர்ப்பக்கமும் போர் வீரர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஹண்டரே வியட்நாமில் போரிட்டவர். டெக்சாஸின் சாம் ஜான்சன் வட வியட்நாம் சிறையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் சித்திரவதை அனுபவித்தவர், படைகளை விலக்கக் கூடாது என்று உருக்கமாகப் பேசினார். பழைய வீரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதில்லை.

'கோழை' என்ற வார்த்தை சபையிலேயே சொல்லப்பட்டதா?

ஆமாம், அதே இரவில். ஒஹையோவின் ஜீன் ஷ்மிட், ஆகஸ்ட் இடைத்தேர்தலில் மயிரிழையில் ஜெயித்து வந்த புது உறுப்பினர். (அவர் தோற்கடித்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பால் ஹேக்கெட், ஈராக்கிலிருந்து அப்போதுதான் திரும்பிய மரைன்.) மேடையேறிய ஷ்மிட், தன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் மரைன் ரிசர்வ் கர்னலுமான டேனி பப் தொலைபேசியில் பேசியதாகவும், மர்த்தாவுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னதாகவும் கூறினார். செய்தி இதுதான்: கோழைகள்தான் புறமுதுகிடுவார்கள், மரைன்கள் ஒருநாளும் செய்ய மாட்டார்கள்.

சபை கொந்தளித்துவிட்டது. டென்னஸியின் ஹாரல்ட் ஃபோர்டு நடு வழியைத் தாண்டி குடியரசுக் கட்சி வரிசைக்குப் பாய்ந்து போய்க் கத்தினார். கூச்சலால் நடவடிக்கைகள் சில நிமிடங்கள் நின்றன. ஷ்மிட் தன் சொற்களைப் பதிவிலிருந்து திரும்பப் பெற்றார், யாரையும் தனிப்பட்டுச் சொல்லவில்லை என்றார். பெயரைச் சொல்லிவிட்டு, தனிப்பட்டுச் சொல்லவில்லை என்றால் எப்படி என்று தெரியவில்லை. அப்புறம் டேனி பப் தரப்பு, தான் மர்த்தா பெயரை எடுக்கவே இல்லை, சக மரைனின் குணத்தைக் குறை சொல்ல மாட்டேன் என்று விளக்கம் கொடுத்து அந்தப் பாலத்தையும் எரித்துவிட்டது.

புஷ்ஷும் செனியும் பிறகு அவரைப் புகழ்ந்தார்களே, அது ஏன்?

ஷ்மிட் காட்சி தொலைக்காட்சிகளில் ஓட ஓட, தாக்குதல் தங்கள் மேலேயே திரும்புகிறது என்று புரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து பெய்ஜிங்கில் புஷ், மர்த்தா நல்ல மனிதர், நாட்டுக்குப் பெருமையோடு பணியாற்றியவர், யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார் என்றார். மறுநாள் துணை அதிபர் டிக் செனியும் மர்த்தாவை நல்லவர், மரைன், தேசபக்தர் என்றார். தலைமை இப்படி இறங்கி வந்தாலும் கீழே இருந்தவர்கள் நிறுத்தவில்லை. மேலே மரியாதை, கீழே சேறு என்ற இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

செனி ராணுவத்துக்கே போகாதவர் என்று மர்த்தா குத்திக்காட்டினாரே, அதுவும் தனிநபர் தாக்குதல்தானே?

நல்ல கேள்வி, இதற்கு மர்த்தாவின் ரசிகர்கள் மழுப்புவார்கள். கட்டாய ராணுவ சேவைக்கு ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கிக்கொண்டு, அங்கே போகாமலே மற்றவர்களைப் போருக்கு அனுப்பிவிட்டு, என்ன செய்யலாம் என்று யோசனை சொன்னால் கோபப்படுகிற ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கிண்டலாகச் சொன்னார். செனி வியட்நாம் காலத்தில் ஐந்து ஒத்திவைப்பு பெற்றது உண்மை. அறுபதுகளில் தனக்கு வேறு முன்னுரிமைகள் இருந்தன என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆனால் வாதமாக எடுத்துக்கொண்டால் பலவீனமானது. போருக்குப் போகாதவர் போரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்றால், போருக்குப் போகாத கோடிக்கணக்கான குடிமக்கள் போரை எதிர்க்கவும் வாய் திறக்கக் கூடாது என்று ஆகிவிடும். மக்களாட்சியில் ராணுவத்துக்கு மேலே சீருடை போடாதவர்கள் இருப்பதுதான் ஏற்பாடு. ஒரே ஒரு வேறுபாடு: செனி அதற்கு முந்தின நாள் ஒரு விருந்து மேடையில், உளவுத் தகவலைத் திரித்தார்கள் என்று அரசைக் குறைகூறுவோரை நேர்மையற்றவர்கள், கண்டனத்துக்குரியவர்கள் என்ற தொனியில் பேசியிருந்தார். தேசபக்தியை எடைபோடும் தராசை முதலில் வெளியே எடுத்தது அந்தப் பக்கம்தான், தன் எடையையும் அதில் காட்டும்படி ஆகிவிட்டது.

பதக்கங்கள் பொய் என்று ஒரு குற்றச்சாட்டு வந்ததே?

2006 ஜனவரியில் சைபர்காஸ்ட் நியூஸ் சர்வீஸ் என்ற வலதுசாரி இணையச் செய்தித்தளம், மர்த்தாவின் இரண்டு பர்ப்பிள் ஹார்ட்களும் தகுதியோடு கிடைத்தவையா என்று கேள்வி எழுப்பிக் கட்டுரை போட்டது. புதிய ஆதாரம் என்று அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய தேர்தல்களில் அவரிடம் தோற்றவர்கள் அப்போது சொன்னவை, பல ஆண்டுப் பத்திரிகைத் துணுக்குகள். அதில் முக்கியமான ஒருவர் 1982-இல் மர்த்தாவின் சொந்தக் கட்சி வேட்பாளர் தேர்வில் அவரிடம் தோற்றவர். இரண்டு காயங்களும் 1967-இல் ஏற்பட்டவை, பதக்கங்கள் மரைன் படைப் பதிவில் இருப்பவை.

இதை ஏன் இப்போது வெளியிட்டீர்கள் என்ற கேள்விக்கு அந்தத் தளத்தின் ஆசிரியர் மறைக்காமல் பதில் சொன்னார்: போர் எதிர்ப்பு இயக்கம் மர்த்தாவின் ராணுவப் பின்னணியைப் பேச்சின் மையத்தில் வைத்துவிட்டது, அதனால்தான். இந்த நேர்மையை நான் பாராட்டுகிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க அதில் அடங்கிவிடுகிறது. அவர் ராணுவ பட்ஜெட்டை ஆதரித்த முப்பது ஆண்டுகள் அந்தப் பதக்கங்களால் தேசிய அளவில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

அதற்குச் சூடான மறுப்பு எழுதியவர் ஜிம் வெப். ரீகன் ஆட்சியில் கடற்படைச் செயலாளராக இருந்தவர், வியட்நாமில் பெரிய பதக்கங்கள் வாங்கிய மரைன். நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், எதிர்க்கட்சியில் இருக்கும் வீரர்களின் சேவையைக் கேலி செய்வது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது என்று சாடினார். அந்த நவம்பரிலேயே அவர் ஜனநாயகக் கட்சி சார்பில் வர்ஜீனியாவில் நின்று செனட்டர் ஆனார்.

பழக்கம் என்றால், இதற்கு முன்னும் நடந்ததா?

மேக்ஸ் கிளீலண்ட். வியட்நாமில் 1968-இல் கையெறி குண்டு வெடித்து இரண்டு கால்களையும் வலது கையையும் இழந்தவர். ஜார்ஜியாவின் செனட்டர். 2002 தேர்தலில் அவருக்கு எதிராக சாக்ஸ்பி சாம்ப்ளிஸ் ஓட்டிய விளம்பரத்தில் ஒசாமா பின்லேடன், சதாம் உசேன் முகங்கள் வந்தன. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தொடர்பான வாக்கெடுப்புகளில் கிளீலண்ட் எப்படி வாக்களித்தார் என்பது சாக்கு. கிளீலண்ட் தோற்றார். குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயினே அந்த விளம்பரத்தைக் கடுமையாகக் கண்டித்தார். இதில் வேடிக்கை, ஈராக் போர் அனுமதிக்குக் கிளீலண்ட் ஆதரவாகத்தான் வாக்களித்திருந்தார். ஆதரித்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை.

2004-இல் ஜான் கெர்ரி. அதிபர் தேர்தலில் நின்றபோது 'ஸ்விஃப்ட் படகு வீரர்கள்' என்ற குழு (வியட்நாமில் கெர்ரி இருந்தது அந்த வகை ரோந்துப் படகில்) அவருடைய வியட்நாம் பதக்கங்களைப் பொய் என்று விளம்பரம் செய்தது. கடற்படைப் பதிவுகளும் அவர் படகில் இருந்தவர்களில் பெரும்பாலோரும் அவர் பக்கம் நின்றார்கள். அவர் பதில் சொல்லத் தாமதித்ததற்குள் சேதம் நடந்துவிட்டது. மர்த்தா அந்தப் பாடத்தைப் படித்திருந்தார் போல, யார் எது சொன்னாலும் அன்றே, அதே சூட்டில் திருப்பிக் கொடுத்தார்.

இப்படிப் பேசினால் களத்தில் இருக்கும் வீரர்களின் மனம் உடையாதா? எதிரிக்குத் தைரியம் வராதா?

அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றில் உண்மையான வாதம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான், இதை வெறும் வசை என்று தள்ளிவிடக் கூடாது. போர் என்பது மனஉறுதிப் போட்டியும் கூட. எதிரி வாஷிங்டன் செய்திகளைப் பார்க்கிறான், இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தால் இவர்கள் போய்விடுவார்கள் என்று கணக்குப் போடுகிறான், அதில் பொய் இல்லை.

ஆனால் இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனால், தொடங்கிவிட்ட எந்தப் போரையும் யாரும் எப்போதும் கேள்வி கேட்க முடியாது. முட்டாள்தனமான போருக்குத்தான் அது அதிகம் பயன்படும். வீரர்களின் மனநிலை பற்றியும் ஒரு தகவல் இருக்கிறது. 2006 தொடக்கத்தில் ஈராக்கில் இருந்த அமெரிக்க வீரர்களிடம் ஸாக்பி நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 72 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள், அதில் 29 சதவீதம் உடனடியாக. மர்த்தா பேசித்தான் அவர்கள் மனம் உடைந்தது என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் தடவையாக அதே ஊருக்கு அனுப்பப்படுகிறவனுக்கு நாடாளுமன்ற உரை தேவையில்லை.

ஹதீதா விவகாரத்தில் அவர் செய்தது சரியா?

சரி என்று என்னால் சொல்ல முடியாது. 2005 நவம்பர் 19 அன்று ஈராக்கின் ஹதீதா ஊரில் 24 ஈராக்கியர்கள் மரைன்களால் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும் பெண்களும் உட்பட. வெடிகுண்டில் இறந்தார்கள் என்றுதான் படையின் முதல் அறிக்கை சொன்னது, டைம் இதழ் 2006 மார்ச்சில் அதைப் பொய்யென்று காட்டியது. மே மாதம் மர்த்தா, மரைன்கள் அப்பாவிகளை ஈவிரக்கமின்றிக் கொன்றார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். விசாரணை முடியவில்லை, குற்றப்பத்திரிகை கூட இல்லை.

எட்டுப் பேர் மேல் வழக்கு வந்தது. ஆறு பேர் மேல் இருந்தவை கைவிடப்பட்டன, ஒருவர் விடுதலை, குழுவின் தலைவர் 2012-இல் கடமை தவறியதாக மட்டும் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகாமலே வெளியே வந்தார். 24 பேர் செத்ததற்கு இதுதான் நீதியா என்பது தனிக் கேள்வி, எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் ராணுவ நிதியையே கையில் வைத்திருக்கும் ஒருவர் விசாரணைக்கு நடுவே தீர்ப்பு சொன்னால் அது குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கும் அநியாயம், வழக்குக்கும் கெடுதல். அந்தக் குழுத் தலைவர் அவதூறு வழக்குப் போட்டார், பணி நிமித்தம் பேசியது என்ற சட்டப் பாதுகாப்பில் அது தள்ளுபடியானது. பல மரைன்கள் மர்த்தாவைக் கடைசிவரை மன்னிக்காததற்கு ஈராக்கிலிருந்து வெளியேறச் சொன்னதை விட இதுதான் காரணம். அவர் பெயரைப் போர்க்கப்பல் ஒன்றுக்கு வைப்பதாக 2010-இல் அறிவித்தபோது எதிர்ப்பு வந்ததும் இதனால்தான். கப்பல் 2016-இல் சேவையில் சேர்ந்துவிட்டது.

ஊழல் குற்றச்சாட்டுகள்?

இவை கட்சிக்காரர்கள் கிளப்பிய கதை மட்டும் இல்லை. 1980-இல் 'ஆப்ஸ்காம்' என்ற எஃப்பிஐ வலைவிரிப்பில், அரபு ஷேக்கின் ஆட்களாக நடித்தவர்கள் 50,000 டாலர் நீட்டினார்கள். மர்த்தா வாங்கவில்லை. ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்கிற பாணியில் மறுத்தது ரகசிய வீடியோவில் பதிவாகிவிட்டது, அந்த 'இப்போதைக்கு' அவரை ஆயுள் முழுக்கத் துரத்தியது. வழக்கு இல்லை, சக உறுப்பினர்கள் இருவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். பிற்காலத்தில் ஜான்ஸ்டவுனுக்கு அவர் அள்ளிக் கொடுத்த ஒதுக்கீடுகள், அவர் பெயரையே தாங்கிய சின்ன விமான நிலையம், ராணுவ ஒப்பந்தங்களுக்கு வழிபார்த்துக் கொடுத்த பிஎம்ஏ என்ற நிறுவனத்துடன் நெருக்கம், அதன் அலுவலகத்தில் எஃப்பிஐ சோதனை என்று பட்டியல் நீளும். அவர் மேல் வழக்கு எதுவும் வரவில்லை என்றாலும், இவற்றைக் கேட்பது பத்திரிகையாளர் கடமை.

கேட்பதில் தப்பில்லை, ஈராக் பற்றிய பதிலாக இதை எடுத்து நீட்டுவதுதான் தப்பு. விமான நிலையத்துக்குப் பணம் வாங்கினார் என்பதால் ஈராக்கின் ரமாதியில் நிலைமை நன்றாக ஆகிவிடாது.

அவருடைய சொந்தக் கட்சி உடன் நின்றதா?

முதலில் நழுவியது. சபையில் கட்சித் தலைவராக இருந்த நான்சி பெலோசி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் அவர் நிலைப்பாட்டை வெளிப்படையாக ஆதரித்தார், கட்சியின் இரண்டாம் தலைவர் ஸ்டெனி ஹோயர் அவசரப்பட்டு வெளியேறினால் ஆபத்து என்று அதே நாள் மறுத்தார். 2006 நவம்பர் தேர்தலில் போர் எதிர்ப்பு அலையில் கட்சி சபையைப் பிடித்ததும் மர்த்தா பெரும்பான்மைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். பெலோசியின் ஆதரவு இருந்தும் ஹோயரிடம் 149-86 என்று தோற்றார். ஆப்ஸ்காம் வீடியோ மறுபடி ஓடியது, இந்தத் தடவை ஓட்டியவர்களில் சொந்தக் கட்சிக்காரர்களும் உண்டு.

ஜனநாயகக் கட்சிப் பக்கம் மட்டும் யோக்கியமா?

இல்லை. 2007 செப்டம்பரில் ஈராக்கில் இருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி பெட்ரேயஸ் நாடாளுமன்றத்தில் நிலவரம் சொல்ல வந்த அன்று, மூவ்ஆன் என்ற இடதுசாரி அமைப்பு அவர் பெயரைத் துரோகம் என்ற அர்த்தம் வருமாறு திரித்து நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. ஷ்மிட் செய்ததற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செனட் அதைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது.

போரை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்களும் அடிபட்டார்கள். சக் ஹேகல், வியட்நாமில் இரண்டு பர்ப்பிள் ஹார்ட் வாங்கியவர், சொந்தக் கட்சியில் அந்நியரானார். வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ், பிரான்ஸ் போரை எதிர்த்த கோபத்தில் நாடாளுமன்ற உணவகத்தில் 'பிரெஞ்ச் ஃப்ரைஸ்' பெயரையே மாற்ற வைத்தவர், 2005-இல் மனம் மாறி வெளியேற நாள் குறிக்கச் சொன்னபோது சொந்தக் கட்சிக்குள்ளேயே தேர்தல் போட்டியைச் சந்தித்தார். ஜெயித்தும் விட்டார்.

கடைசியில் யார் சொன்னது நடந்தது?

கலவையாக. 2006 டிசம்பரில் இரு கட்சிக்காரர்களும் சேர்ந்த பேக்கர்-ஹாமில்டன் குழு, போரிடும் படைகளில் பெரும்பகுதியை 2008 தொடக்கத்துக்குள் வெளியே எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. மர்த்தா சொன்னதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. புஷ் அதற்கு மாறாக 2007-இல் படையைக் கூட்டினார், வெளியேறும் காலக்கெடு வைத்த மசோதாவை மே 1 அன்று ரத்து அதிகாரத்தால் நிராகரித்தார். வன்முறை குறைந்தது. ஆண்டு இறுதியில் ஈராக் போய்த் திரும்பிய மர்த்தாவே, படைக்கூட்டல் பலன் தருகிறது, ஆனால் ஈராக்கிய அரசியல் அசையவில்லை என்றார். முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து குடியரசுக் கட்சி கொண்டாடியது. 2011-க்குள் வெளியேறும் ஒப்பந்தத்தில் 2008-இல் கையெழுத்திட்டது புஷ் அரசு. 2014-இல் ஈராக்கின் மோசூல் நகரம் ஐஎஸ் பயங்கரவாதிகள் கையில் விழுந்தபோது, பார்த்தீர்களா வெளியேறியது தப்பு என்றது ஒரு தரப்பு, போயிருக்கவே கூடாது என்றது இன்னொரு தரப்பு. இறந்த அமெரிக்க வீரர்கள் ஏறக்குறைய 4,500. ஈராக்கியர்கள் பல மடங்கு.

இந்தத் தாக்குதல்களால் மர்த்தா தேர்தலில் தோற்றாரா?

ஒருபோதும் இல்லை. 2006-இல் எளிதாக ஜெயித்தார். 2008-இல் முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவர் எதிர்த்து நின்று நாடு முழுக்க நிதி திரட்டினார், அதற்கு நடுவே மர்த்தாவே தன் தொகுதிப் பக்கத்து மக்களை இனவெறி உள்ளவர்கள் என்று உளறி வைத்தார், அப்படியும் ஜெயித்தார். ஊருக்கு வந்த வேலைவாய்ப்புகள் பேசின என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜீன் ஷ்மிட் என்ன ஆனார்?

2006-இல் சில ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தப்பித்தார், அதன்பின் இரண்டு தடவை ஜெயித்தார். 2012-இல் சொந்தக் கட்சி வேட்பாளர் தேர்விலேயே பிராட் வென்ஸ்ட்ரப் என்பவரிடம் தோற்றார். அவர் ராணுவ ரிசர்வில் மருத்துவ அதிகாரி. ஷ்மிட் அந்தப் பேச்சைப் பேசிய காலத்தில் ஈராக்கில் பணியில் இருந்தவர்.